கையால் கிட்டார் பெடல் செய்து விற்பது: சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகலில் எனக்கு இன்வெர்ட்டர், யுபிஎஸ் சர்வீஸ் வேலை. இரவு எட்டு மணிக்கு மேல் அம்மாப்பேட்டை வீட்டு மாடியில் கிட்டார் பெடல் செய்கிறேன். ஆறு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. ஃபோனிலும், டீக்கடையிலும், கச்சேரி மேடைக்குப் பின்னாலும் அதே கேள்விகளைக் கேட்டுக் கேட்டு பதில் மனப்பாடமாகிவிட்டது. எழுதி வைத்துவிட்டால் ஃபோன் பேசும் நேரத்தில் இன்னொரு போர்டை முடித்துவிடலாமே என்ற சுயநலத்தில் எழுதியது இது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

"அண்ணா, பெடல்னா என்னதுங்க? கிட்டார நேரா வாசிச்சா பத்தாதா?"

பத்தும். அக்கவுஸ்டிக் கிட்டார் வாசிப்பவருக்கு இது தேவையே இல்லை. எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்அப்பிலிருந்து (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) வருவது மிகச் சிறிய மின் சிக்னல். அது ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் வழியில் மடக்கி, வடிவத்தை மாற்றி அனுப்புகிற சின்னப் பெட்டிதான் பெடல். காலால் மிதித்து ஆன், ஆஃப் செய்கிறோம், அதனால் அந்தப் பெயர்.

சிக்னலின் உச்சியை வெட்டினால் ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன், ஃபஸ் என்று கரகரப்பு வகைகள். தாமதித்துத் திருப்பிக் கொடுத்தால் எக்கோ. அமெரிக்காவில் 1962ல் விற்பனைக்கு வந்த மேஸ்ட்ரோ ஃபஸ்-டோனைத் திறந்து பார்த்தால் உள்ளே மூன்று ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர்தான் இருக்கும். இன்றைக்கும் மாடியில் உட்கார்ந்து ஒருவன் தனியாகச் செய்துவிட முடிகிறது என்றால், இந்தச் சர்க்யூட்கள் அவ்வளவு சின்னவை என்பதுதான் காரணம்.

"நான் பி.காம். எலக்ட்ரானிக்ஸ் சுத்தமா தெரியாது. என்னால முடியுமா?"

சேலத்தில் இந்தக் கேள்வி வருவதே வேடிக்கை. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகளில் கடுகளவு வளையத்துக்குப் பொடி வைத்து ஊதிப் பற்றவைக்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் பெடல் போர்டில் சால்டரிங் என்பது அகலமான சாலையில் வண்டி ஓட்டுகிற மாதிரி.

25 வாட் சால்டரிங் அயர்ன், 60:40 ஈயக் கம்பி, ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், இவ்வளவு போதும். பற்று லட்டு மாதிரி உருண்டு நின்றால் தப்பு. ஓரம் சரிந்து, கம்பியின் காலைத் தழுவி, பளபளவென்று இருக்க வேண்டும். ஓம் விதியும், கெபாசிட்டர் என்ன செய்கிறது என்பதும் ஒரு மாதத்தில் பிடிபட்டுவிடும். அப்புறம் ஒரு ஆடியோ ப்ரோப் செய்துகொள்ளுங்கள்: ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் ஒயரின் நுனியில் 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ஒன்று, அவ்வளவுதான். அதை போர்டில் இடம் இடமாகத் தொட்டுக்கொண்டே போனால், எந்த இடத்தில் சத்தம் நிற்கிறதோ அதற்கு முந்திய பாகத்தில் கோளாறு. ஆஸிலோஸ்கோப் (சிக்னலைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) வாங்க ஆசைப்பட்டு நான் சேர்த்த பணம் இன்னும் சேர்ந்தபடியே இருக்கிறது.

"முதல்ல எந்தப் பெடல் செய்யலாம்? டிலே செஞ்சா நல்லா விக்குமாமே?"

டிலே, அதாவது எக்கோ பெடல், வேண்டாம். ஒரே டிரான்ஸிஸ்டர் உள்ள பூஸ்டரைச் செய்யுங்கள். அது ஒலியைக் கூட்டும், வேறொன்றும் செய்யாது. அதில் உங்கள் ஒயரிங், சுவிட்ச், பெட்டி மூன்றும் ஒழுங்குக்கு வந்துவிடும்.

அடுத்தது ஒரு ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி), இரண்டு டயோடு உள்ள டிஸ்டார்ஷன். டயோடு இரண்டையும் எங்கே போடுகிறோம் என்பதில்தான் குணமே மாறும். ஆப்-ஆம்ப்பின் ஃபீட்பேக் பாதையில் போட்டால் உச்சி மழுங்கிய மாதிரி மென்மையாக வெட்டும், ட்யூப் ஸ்க்ரீமர் என்ற பிரபலமான பெடலின் குடும்பம் அது. வெளியே வந்த சிக்னலிலிருந்து கிரவுண்டுக்கு, அதாவது சர்க்யூட்டின் பொது முனைக்குப் போட்டால் கத்தியால் நறுக்கின மாதிரி வெட்டும், ரேட் (RAT) என்ற பெடலின் குடும்பம். டயோடுக்கு சாக்கெட் வைத்துக்கொண்டு 1என்4148 என்ற சாதாரண சிலிக்கான் டயோடு, சிவப்பு எல்இடி, ஜெர்மானியம் என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள். எல்இடி போட்டால் வெட்டும் அளவு உயர்வதால் சத்தம் பெரிதாகும், கரகரப்பு குறையும். அந்த ஒரு மாலையில் கற்றுக்கொள்வதை எந்த வீடியோவும் சொல்லித் தராது.

"சாமான் எல்லாம் சேலத்துலயே கிடைக்குமா, இல்ல சென்னைக்குப் போகணுமா?"

ரெசிஸ்டர், கெபாசிட்டர், எல்இடி, ஒயர், டிஎல்072 மாதிரி ஐசி எல்லாம் இங்கேயே எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். கிடைக்காதவை இரண்டு: காலால் மிதிக்கும் ஒன்பது கால் சுவிட்ச், அதாவது 3பிடிடி, அப்புறம் வார்ப்பு அலுமினியப் பெட்டி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரு எஸ்.பி. ரோடு, இல்லாவிட்டால் ஆன்லைன். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி, கூரியர்க்காரர் கையாளும் கட்டணம் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 60 ரூபாய் சுவிட்ச் என்று குதித்து, வீடு வந்து சேரும்போது 130 ஆன அனுபவம் எனக்கு உண்டு.

சேலத்தில் தேடினால் கிடைக்கும் ஒன்றும் இருக்கிறது. பழைய ரேடியோ மெக்கானிக் கடைகள். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1962லேயே ஜெர்மானியம் டிரான்ஸிஸ்டர் தயாரிக்க ஆரம்பித்த நிறுவனம். அவர்களுடைய ஏசி128 பல வீட்டு ரேடியோக்களில் இருந்தது. ஃபஸ் பெடல் செய்பவர்கள் உலகம் முழுக்கத் தேடும் எண் அது. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய வைத்திருந்தார். "இது எதுக்குப்பா உனக்கு, காலாவதியான சாமான்" என்று சொல்லி, டீக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். பாதி பழுது. மீதிப் பாதியில் இரண்டு வருடம் ஓட்டினேன்.

"பெட்டிக்கு ஏன் அவ்வளவு காசு? ஸ்டீல் பட்டறையில அடிச்சு வாங்கிக்க முடியாதா?"

உருக்காலை உள்ள ஊரில் இது நியாயமான கேள்வி, நானும் முயன்றேன். ஸ்டெயின்லெஸ் தகட்டை மடித்துச் செய்த பெட்டி பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்தது. துளை போடுவதற்குள் மூன்று ட்ரில் பிட் போய்விட்டது. அலுமினியம் வெண்ணெய் மாதிரி. இரண்டும் சிக்னலை வெளி இரைச்சலிலிருந்து மறைக்கும், ஆனால் வேலை நேரம்தான் நம் செலவு. பிளாஸ்டிக் பெட்டி மட்டும் கூடாது, டியூப்லைட் சோக் இரைச்சல்கூட உள்ளே வந்துவிடும்.

சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி மேட்டூருக்குக் கொண்டுபோய் அலுமினியம் காய்ச்சிய ஊர்ப்பக்கம் நாம். ஆனாலும் கைப்பிடி அளவு வார்ப்புப் பெட்டிக்கு வெளியூர்க்காரனிடம் போய் நிற்கிறோம். இதைச் சொன்னால் என் மாமா ஒரு மணி நேரம் பேசுவார்.

1590பி என்ற அளவில் ஆரம்பியுங்கள். ஸ்டெப் பிட் ஒன்று வாங்கிவிடுங்கள். ஃபுட் சுவிட்சுக்கும் டிசி ஜாக்குக்கும் 12 மில்லிமீட்டர், கேபிள் ஜாக்குக்கு 9.5, பொட்டென்ஷியோமீட்டருக்கு (குமிழ் மாட்டித் திருகும் கண்ட்ரோல்) 7. நிறத்துக்கு பவுடர் கோட்டிங் பட்டறைகள் நம் ஊரில் நிறைய. ஆனால் பத்துப் பெட்டிக்குக் குறைந்தால் முகம் சுளிப்பார்கள், யாராவது வாசல் கேட்டுக்குக் கோட்டிங் கொடுக்கும் நாளில் அதே நிறத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். என்னுடைய முதல் தொகுதி முழுக்கப் பச்சையாக இருந்ததன் ரகசியம் அதுதான். கோட்டிங் முடிந்ததும் ஜாக் உட்காரும் இடத்தில் உள்பக்கம் சுரண்டிவிடுங்கள். பெயிண்ட் மேல் ஜாக் உட்கார்ந்தால் பெட்டிக்கு கிரவுண்ட் கிடைக்காது, கை வைத்தால் இரையும்.

"ஒரு பெடலுக்கு அடக்கம் எவ்வளவு? என்ன விலை வெக்கிறது?"

என் நோட்டில் உள்ள கணக்கைச் சொல்கிறேன். பெட்டி 450, கோட்டிங் 80, சுவிட்ச் 130, ஜாக் மூன்றும் 110, மூன்று பொட்டென்ஷியோமீட்டரும் அதன் குமிழ்களும் 180, போர்டு 60, உள்சாமான் 120, ஒயர், ஈயம், எல்இடி 35, அட்டைப்பெட்டி, பபுள் ஷீட் 60. மொத்தம் 1,225 ரூபாய். ஐசியின் விலை இதில் சல்லிக்காசு. காசெல்லாம் பெட்டியிலும் சுவிட்ச், ஜாக், குமிழிலும் இருக்கிறது.

நான் 3,200க்கு விற்கிறேன். "சீனாக்காரன் 2,000க்குத் தர்றானே" என்பார்கள். தருகிறான், நன்றாகவும் தருகிறான். அவனோடு விலையில் மோதினால் நாம் காலி. பெட்டியின் அடியில் ஃபோன் நம்பர் இருக்கிறது, கெட்டால் சேலம் நான்கு ரோட்டில் வந்து கொடுத்துவிட்டுப் போகலாம் என்பதற்குத்தான் அந்த மேல் 1,200. நேரத்தையும் கணக்கில் வையுங்கள். துளை, ஒயரிங், சோதனை எல்லாம் சேர்த்து ஒன்றுக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. பத்துப் பத்தாகச் செய்தால் இரண்டாகக் குறையும்.

"அப்ப வேலைய விட்டுட்டு இதையே பண்ணலாமா?"

கூடாது. மாதம் எட்டுப் பெடல் போனால் எனக்கு அது நல்ல மாதம். மேலே உள்ள கணக்கால் பெருக்கிப் பாருங்கள்.

"சேலத்துல யாருங்க இதை வாங்குறது?"

மூன்று வகை. சர்ச்சில் வாசிக்கும் பையன்கள் முதல் வகை. இவர்களுக்கு எக்கோவும் லேசான ஓவர்டிரைவும் வேண்டும், கத்தக் கூடாது. பாஸ்டர் திரும்பிப் பார்த்தால் விற்பனை போச்சு. இரண்டாவது, கல்லூரி பேண்ட்: ஆசை பெரிது, காசு சிறிது, தவணை கேட்பார்கள். மூன்றாவது, வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு ஆன்லைனில் வாங்கும் நம் ஊர்க்காரர்கள். உண்மையில் என் விற்பனையில் பாதிக்கு மேல் பெங்களூருக்கும் சென்னைக்கும் போகிறது.

ஆர்கெஸ்ட்ரா கிட்டாரிஸ்ட்டுகள் வாங்குவது குறைவு. ஒரே இரவில் முப்பது பாட்டு, ஒவ்வொன்றுக்கும் வேறு டோன். அவர்களுக்கு எல்லா எஃபெக்ட்டும் ஒரே பெட்டியில் உள்ள மல்டி எஃபெக்ட்ஸ் பிராசஸர்தான் சரி, நான் அவர்களிடம் விற்க முயல்வதே இல்லை. ஆனால் பழுது பார்க்க என்னிடம்தான் வருகிறார்கள்.

"வீட்ல சூப்பரா இருந்துச்சுங்க. மேடையில போட்டா கொசு கத்துற மாதிரி இருக்கு. ஏமாத்திட்டீங்களா?"

இந்த வாக்கியத்தை முதலில் கேட்டபோது ராத்திரி தூக்கம் வரவில்லை. பெடலை வாங்கிப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. அடுத்த கச்சேரிக்குக் கூடவே போனேன். அவர் பெடலிலிருந்து நேராக மிக்ஸரில் சொருகினார். அப்போதுதான் புரிந்தது.

கிட்டார் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். டிஸ்டார்ஷனில் பிறக்கும் கூர்மையான ஒலிகள் அங்கேயே அடங்கிவிடுகின்றன. மேடை ஸ்பீக்கரின் ஹார்ன் எல்லாவற்றையும் அப்படியே துப்பும். நம் ஊரில் மேடையில் கிட்டார் ஆம்ப் வைப்பவர்கள் குறைவு. அதனால் இப்போது என் டிஸ்டார்ஷன் பெடல்களில் மிக்ஸருக்கு என்று தனி அவுட்புட் வைக்கிறேன். 10 கிலோ ஓம், 3.3 நானோ ஃபாரட், இது 4,800 ஹெர்ட்ஸ் பக்கம் வெட்ட ஆரம்பிக்கும். அப்படி இரண்டு படி, நடுவே ஒரு பஃபர் (ஒலியை மாற்றாமல் சிக்னலைப் பலமாகத் தள்ளிவிடும் சின்னச் சர்க்யூட்). முழு ஸ்பீக்கர் சிமுலேட்டர் இல்லை, ஆனால் கொசு போய்விடும். வாங்குபவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே இப்போது "எதுல சொருகுவீங்க?" என்பதுதான்.

"கம்பெனி பெடலை அப்படியே காப்பி அடிச்சு விக்கலாமா? கேஸ் போடுவாங்களா?"

சர்க்யூட் என்ற யோசனைக்கு காப்பிரைட் கிடையாது. பேட்டன்ட் இருந்தால் 20 வருடம். 1960, 70களின் சர்க்யூட்களுக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. அதனால்தான் உலகம் முழுக்க ஆளாளுக்கு ட்யூப் ஸ்க்ரீமர் மாதிரி ஒன்று செய்கிறார்கள்.

தொடக் கூடாதது பெயர், லோகோ, பெட்டியின் படம், அவர்கள் வரைந்த போர்டு லேஅவுட். க்ளான் சென்டார் பெடலைச் செய்த பில் ஃபின்னெகன் 2024ல் பெரிங்கர் கம்பெனி மீது வழக்குப் போட்டபோது சண்டை பெயரையும் தோற்றத்தையும் பற்றியது. சர்க்யூட் பல வருடமாக ஊரெங்கும் கிடக்கிறது. "இன்ன பெடலின் குணம் உள்ளது" என்று வாயால் சொல்லுங்கள். பெட்டியில் உங்கள் பெயரை எழுதுங்கள். டிஜிட்டல் பெடலின் உள்ளே இருக்கும் மென்பொருள் வேறு கதை, அதை நகலெடுப்பது காப்பிரைட் மீறல்தான்.

"ஜிஎஸ்டி எடுக்கணுமா? 40 லட்சத்துக்குக் கீழ தேவையில்லைன்னு சொல்றாங்களே?"

பாதி சரி. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்றால் வருட விற்பனை 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. ஆனால் வெளி மாநிலத்துக்குப் பொருளை விற்றால் அந்த வரம்பு பொருந்தாது, முதல் பெடலிலிருந்தே பதிவு வேண்டும். மேலே சொன்னேனே, பெங்களூருக்கும் போகிறது என்று. ஓசூர் தாண்டினால் விதி மாறுகிறது. காம்பொசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) சேர்ந்தாலும் வெளி மாநில விற்பனை செய்ய முடியாது.

உத்யம், அதாவது சிறு தொழில் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் வேண்டும். அதற்கு யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

"அடாப்டரும் சேர்த்துக் குடுத்தா நல்லாருக்குமே?"

நல்லாருக்கும், ஆனால் நீங்களே செய்து கொடுக்காதீர்கள். பவர் அடாப்டருக்கு பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) பதிவு கட்டாயம். முத்திரை உள்ளதை வாங்கிக் கொடுங்கள்.

பெடல் உலகத்தின் வழக்கம் 9 வோல்ட், நடுவில் மைனஸ். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டர் பெரும்பாலும் 12 வோல்ட், நடுவில் ப்ளஸ். பின் மட்டும் கச்சிதமாக உள்ளே போகும்! யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சொருகுவார். அதனால் 1என்5817 டயோடு ஒன்றை வரிசையில் போட்டுவிடுங்கள், கெபாசிட்டர்கள் 25 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும். இரண்டும் சேர்ந்து ஐந்து ரூபாய் ஆகாது.

"ஏற்காட்டுல செமையா கேட்ட ஃபஸ், சேலத்துல செத்துப்போச்சு. பெடலுக்குக் கூடவா சீதோஷ்ணம் ஒத்துக்காது?"

ஒத்துக்காது, நிஜமாகவே. இது ஜெர்மானியத்தின் பிறவிக் குணம். டிரான்ஸிஸ்டர் அணைந்திருக்க வேண்டிய நேரத்திலும் கொஞ்சம் கரண்ட் கசியும். ஜெர்மானியத்தில் அந்தக் கசிவு ஏறக்குறைய ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இரட்டிப்பாகும். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவதற்குள் டிசம்பர் குளிரிலிருந்து புழுக்கத்துக்கு வந்துவிடுகிறோம். ஏப்ரலில் நம் மாடி அறை 40 டிகிரியைத் தொடும்.

1966ல் வந்த ஃபஸ் ஃபேஸ் வகைச் சர்க்யூட்டில் இரண்டே டிரான்ஸிஸ்டர். இரண்டாவதின் கலெக்டர் என்ற காலில் 4.5 வோல்ட் பக்கம் நிற்க வேண்டும், அதாவது பேட்டரியில் பாதி. மீட்டரை அங்கே வைத்துக்கொண்டு முதல் டிரான்ஸிஸ்டரை இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். எண்கள் ஓட ஆரம்பிக்கும். விரலை எடுத்து ஊதினால் மெல்லத் திரும்பி வரும். என்னிடம் வரும் பையன்களுக்கு முதலில் இதைத்தான் காட்டுவேன், வாயைப் பிளப்பார்கள். சால்டர் செய்த சூட்டோடு பயாஸ், அதாவது அந்த 4.5 வோல்ட் அளவை, வைக்கக் கூடாது என்பதும் அப்போதே புரிந்துவிடும். நான் ஒரு மே மாத மதியத்தில் அவசரத்துக்குச் சரிசெய்து அனுப்பிய மூன்று ஃபஸ்ஸும் ஆடி மாதத்தில் திரும்பி வந்தன.

வழி மூன்று. முதலில், கசிவு குறைந்த டிரான்ஸிஸ்டரைப் பொறுக்குங்கள். டிரான்ஸிஸ்டரின் பேஸ் என்ற காலை எதனோடும் சேர்க்காமல் விட்டு, 9 வோல்ட்டில், கலெக்டரில் 2.4 கிலோ ஓம் போட்டு அதன் குறுக்கே அளந்தால் 0.24 வோல்ட் என்பது 100 மைக்ரோ ஆம்பியர் கசிவு. 0.7 தாண்டினால் ஒதுக்கிவிடுகிறேன். இரண்டாவது, பயாஸ் ரெசிஸ்டருக்குப் பதில் ட்ரிம்மர் (திருகி அளவை மாற்றும் ரெசிஸ்டர்) வைத்து, அதன் குமிழை வெளியே கொண்டுவந்துவிடுங்கள். நான் அதன் பக்கத்தில் ஒரு முனையில் மலை, மறு முனையில் சூரியன் வரைகிறேன். மூன்றாவது, சிலிக்கான். பிசி108 போட்டால் வெயில், மழை ஒன்றும் செய்யாது, ஒலி கொஞ்சம் கூர்மையாகும். சேலத்திலேயே இருந்து வாசிப்பவருக்கு நான் சிபாரிசு செய்வது சிலிக்கான்தான். ஜெர்மானியம் கேட்பவர் மட்டும் கேட்டு வாங்கட்டும்.

"அதே ஃபஸ்ஸை மத்த பெடலோட ஒரே அடாப்டர்ல போட்டா எல்லாம் அணைஞ்சுடுது. ஏன்?"

ஏசி128 ஒரு பிஎன்பி டிரான்ஸிஸ்டர், அதாவது ப்ளஸ், மைனஸ் தலைகீழாகக் கொடுக்க வேண்டிய வகை. பழைய முறைப்படி கட்டினால் அந்தப் பெடலில் ப்ளஸ்தான் கிரவுண்ட். மற்ற பெடல்களில் மைனஸ் கிரவுண்ட். பல கிளை உள்ள ஒரே அடாப்டர் ஒயரில் இரண்டையும் போட்டு, கேபிளாலும் இணைத்தால் ப்ளஸ்ஸும் மைனஸும் நேராக முட்டிக்கொள்கின்றன. அடாப்டர் நல்லதாக இருந்தால் அணையும், இல்லாவிட்டால் புகையும். தனி பேட்டரியோ, தனித்தனியாகப் பிரித்த அவுட்புட் உள்ள பவர் சப்ளையோதான் தீர்வு. நான் இப்போது இந்தப் பெடலில் டிசி ஜாக்கே வைப்பதில்லை. 9 வோல்ட் பேட்டரி மட்டும். திட்டு வாங்குகிறேன், ஆனால் புகை வருவதில்லை.

"ட்ரூ பைபாஸ்னு போட்டாத்தான் வாங்குவாங்களாமே?"

வாங்குவார்கள். அந்த இரண்டு வார்த்தைக்கு ஒரு மவுசு இருக்கிறது. பெடலை அணைத்ததும் சிக்னல் சர்க்யூட்டைத் தொடாமல் ஒயர் வழியே போய்விடும் என்பதுதான் பொருள்.

ஆனால் ஐந்தாறு பெடலும் அப்படியே இருந்தால், கிட்டாரிலிருந்து மிக்ஸர் வரை பன்னிரண்டு மீட்டர் கேபிள் நேரடியாக பிக்அப்பின் தலையில் விழும். கேபிளுக்கு மீட்டருக்கு 100 பிக்கோ ஃபாரட் பக்கம் கெபாசிட்டன்ஸ் உண்டு. எல்லாம் சேர்ந்து மேல் ஒலியைத் தின்றுவிடும், ஒலி போர்வைக்குள் இருந்து வருகிற மாதிரி ஆகும். வரிசையில் ஒரு நல்ல பஃபர் இருந்தால் சரியாகிவிடும். ஃபஸ் மட்டும் பஃபருக்கு முன்னால் இருக்கட்டும், அதற்கு பிக்அப்போடு நேரடிச் சம்பந்தம் வேண்டும்.

"ஊய்ங்ங்னு இரைச்சல். பெடல்தான் காரணம்னு சவுண்டு சர்வீஸ்காரர் சொல்றார்"

சவுண்டு சர்வீஸ்காரர் எப்போதும் அதைத்தான் சொல்வார். முதலில் 9 வோல்ட் பேட்டரியில் போட்டுப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அடாப்டர்தான் குற்றவாளி. நிற்கவில்லையா? ஆறாவது கம்பியின் மூன்றாவது கட்டத்தை வாசித்து ஒப்பிடுங்கள். அது 98 ஹெர்ட்ஸ். இரைச்சல் அதோடு ஒத்துப்போனால் 100 ஹெர்ட்ஸ், ஏதோ ஒரு பவர் சப்ளையில் ஃபில்டர் கெபாசிட்டர் போயிருக்கிறது. அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருந்தால் 50 ஹெர்ட்ஸ், எர்த் பிரச்சினை, இரண்டு வழியில் கிரவுண்ட் ஆகியிருக்கலாம்.

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா மாதிரி மேடைகளில் ஜெனரேட்டர், சீரியல் லைட், டிம்மர் எல்லாம் ஒரே ஒயரில் தொங்கும். அங்கே சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்அப்போடு நின்றால் பெடல் இல்லாமலே இரையும். இடம் மாறி, உடம்பைத் திருப்பி நின்று பாருங்கள். குறைந்தால் பெடலுக்குச் சம்பந்தமில்லை. எதற்காகவும் ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்னைப் பிடுங்காதீர்கள். இரைச்சல் போகும், உயிரும் போகலாம்.

"மிதிச்சா டப்புனு சத்தம் வருது"

இன்புட், அவுட்புட் இரண்டிலும் கிரவுண்டுக்கு 1 மெகா ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். கெபாசிட்டரில் தேங்கிய மின்சாரம் வடிய வழியில்லாமல் மிதிக்கும்போது பாய்வதுதான் அந்த டப். போட்ட பிறகும் வந்தால் அந்தக் கெபாசிட்டர் கசிகிறது, மாற்றுங்கள்.

"வாரண்டி குடுக்கலாமா? திருப்பி அனுப்பிட்டா நஷ்டமாச்சே"

கொடுத்தே ஆக வேண்டும். நான் இரண்டு வருடம் கொடுக்கிறேன். முதல் முப்பதில் ஆறு திரும்பி வந்தன, ஆறிலும் சுவிட்ச். சுவிட்ச் விற்றவரைத் திட்டிக்கொண்டே ஒன்றை உடைத்துப் பார்த்தேன். உள்ளே பிளாஸ்டிக் இளகி, தகடு சாய்ந்திருந்தது. சூடு என்னுடையது. ஒவ்வொரு காலிலும் நாலைந்து விநாடி அயர்னை வைத்துத் தேய்த்திருக்கிறேன். இப்போது சுவிட்சை ஒரு சின்ன போர்டில் உட்காரவைத்து, ஒரு கால் விட்டு ஒரு கால், இரண்டு விநாடியில் முடிக்கிறேன். அதன் பிறகு சுவிட்சுக்காக வந்தது இரண்டே இரண்டு.

அனுப்பும் முன் ஒரு இரவு முழுக்க ஆன் செய்து வைப்பேன். காலையில் நூறு முறை மிதி, பெட்டியைத் தட்டு, ஜாக்கை ஆட்டு. என் மகள் இதற்குச் சம்பளம் கேட்கிறாள்.

"வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?"

அனுப்பலாம். ஐஇசி எண் (ஏற்றுமதி, இறக்குமதிக்கான அரசு எண்) வேண்டும். ஐரோப்பா என்றால் ஈயம் கலந்த சால்டர் கூடாது. ஈயமில்லாத சால்டர் உருக அதிகச் சூடு கேட்கும், ஆக முந்தைய பதிலில் உள்ள சுவிட்ச் கதையை இன்னொரு முறை படியுங்கள்.

"நீங்க செஞ்சதை ஒருத்தன் திறந்து பாத்து காப்பி அடிச்சுட்டானாமே? சும்மாவா விட்டீங்க?"

சர்க்யூட்டை நானும் வானத்திலிருந்து கொண்டுவரவில்லை, காப்பி பற்றிய பதிலில் எல்லாம் சொல்லிவிட்டேன். ஆனால் அவன் எடுத்தது லேஅவுட்டையும் சேர்த்து. எப்படித் தெரியும் என்றால், என் போர்டில் ஆர்7 என்று, அதாவது ஏழாவது ரெசிஸ்டருக்கு, ஒரு இடம் இருக்கும். முதல் வடிவத்தில் தேவைப்பட்டது, பிறகு தேவையில்லாமல் போய், அழிக்க மறந்து, எதனோடும் சேராமல் இரண்டு துளையாக நிற்கிறது.

போன வருடம் அந்தப் பையனே பெயர் சொல்லாமல் ஃபோன் செய்தான். பெடலில் இரைச்சல் வருகிறது, எங்கே தப்பு என்று தெரியவில்லை என்றான். போர்டை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்தால் ஆர்7 இருக்கிறது. அதில் அழகாக ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை வேறு சால்டர் செய்திருந்தான். கிரவுண்ட் ஒயர் ஜாக்குக்குப் போகவில்லை, அதைச் சொன்னேன். ஆர்7 பற்றிச் சொல்லவில்லை.